சிக்கன் குழம்பில் மிதக்கும் எண்ணெயை எப்போது எடுப்பது?

தணலில் சுட்டால் கோழியின் கொழுப்பு உருகிச் சொட்டிக் கீழே போய்விடும். குழம்பு, சால்னா, குக்கர் பிரியாணி மாதிரி ஒரே பாத்திரத்தில் சமைக்கும்போது அதற்கு வழியே இல்லை. தோலிலிருந்து உருகியது, நாம் ஊற்றிய எண்ணெய், அரைத்து விட்ட தேங்காய் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கடைசியில் தட்டுக்குத்தான் வரும்.

எங்கள் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு அதிகமாக வந்தபோது, மருத்துவர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். அந்த வாரமே நான் சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் ஒரு கோழிக் குழம்பு வைத்தேன். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார். குறை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து பல ஞாயிற்றுக்கிழமைகள் செய்து பார்த்துத்தான் இந்த முறைக்கு வந்து சேர்ந்தேன். இப்போது அவர் இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்குகிறார்.

புதிதாகச் சமைக்கத் தொடங்குபவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும். மிளகாயின் சிவப்பு, மஞ்சளின் நிறம், பட்டை கிராம்பின் வாசனை எல்லாம் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். குழம்பு முழுதாகத் தயாரான பிறகு மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயை வழித்து எடுத்தால், நீங்கள் அரைத்துப் போட்ட மசாலாவின் சாரத்தையும் சேர்த்தே வழிக்கிறீர்கள். ஆகவே மசாலா போடுவதற்கு முன்னால் கொழுப்பை எடுத்துவிட வேண்டும். கடைசியில் கொஞ்சம் நல்ல எண்ணெயைத் தாளித்துக் கொட்ட வேண்டும்.

கறிக்கடையில்

பிராய்லர் வாங்கினால் தோலை உரித்துத் தரச் சொல்லுங்கள். பச்சைத் தோலின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான். தோலோடு இருக்கும் தொடைக்கறியில் 100 கிராமுக்கு 15 கிராம் போலக் கொழுப்பு இருக்கும். தோலை எடுத்துவிட்டால் அது 4 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். நெஞ்சுக்கறியில் இன்னும் குறைவு, 2 அல்லது 3 கிராம். இந்த வழிகாட்டியில் சொல்லும் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவதும் குறைந்த வேலை கேட்பதும் இதுதான்.

அதற்காக முழுக்க நெஞ்சுக்கறியாக வாங்கிவிடாதீர்கள். எலும்பில்லாத நெஞ்சுக்கறியைக் குழம்பில் போட்டால் அரை மணி நேரத்தில் நார் நாராகக் காய்ந்துவிடும், குழம்புக்கும் சாறு இறங்காது. எலும்போடு, தோலில்லாமல், தொடையும் நெஞ்சும் முதுகும் கலந்த கறியே நல்லது. குழம்பின் கெட்டியும் ருசியும் எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும் வருபவை.

நாட்டுக்கோழி வேறு கதை. அதன் தோல் மெல்லியது. மஞ்சள் பூசி, தீயில் வாட்டிய தோலுக்கென்று ஒரு வாசம் உண்டு, அதை விட யாருக்கும் மனம் வராது. தோல் இருக்கட்டும். ஆனால் முட்டையிட்டுப் பழகிய பெட்டைக்கோழியாக இருந்தால் வயிற்றுக்குள் மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு அடைந்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

கையால் எடுப்பது

வீட்டுக்குக் கொண்டுவந்த கறியை உடனே கழுவாமல் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்தால் கொழுப்பு இறுகும், பிடித்து இழுக்க வரும். அறைச் சூட்டில் அது விரலுக்கு விரல் வழுக்கிக்கொண்டே போகும்.

எடுக்க வேண்டிய இடங்கள் சில. வால் பகுதியை ஒட்டி இரு பக்கமும் மெழுகு போன்ற மஞ்சள் கட்டிகள் இருக்கும். வால் நுனியிலேயே ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, கவிச்சி வாசனைக்கு அதுவும் ஒரு காரணம். அந்த நுனியை வெட்டி எறிந்துவிடலாம். அடுத்தது தொடையின் உட்புறம். இரண்டு தசைகள் சேரும் மடிப்பைக் கட்டைவிரலால் விரித்துப் பார்த்தால் உள்ளே வெளிர் மஞ்சளாக ஒரு பட்டை தெரியும். அதன் ஒரு முனையைக் கிள்ளிப் பிடித்து மெதுவாக இழுத்தால் முழுதாக வந்துவிடும், கத்தியே வேண்டாம். கழுத்தில் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் உரியுங்கள். ஒரு கிலோ கறிக்குப் பத்து நிமிட வேலை. எடுத்ததை ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்துப் பாருங்கள், எவ்வளவு இருந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

அந்தக் கொழுப்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விடாதீர்கள். குழாய்க்குள் போய் இறுகி அடைத்துக்கொள்ளும். காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள். இன்னொரு வழியும் உண்டு: ஒரு நெல்லிக்காய் அளவு மட்டும் எடுத்து வைத்து, எண்ணெய்க்குப் பதிலாக அதையே சட்டியில் உருக்கி வெங்காயம் வதக்கலாம். கோழி வாசம் அடியிலிருந்தே ஏறும். ஆனால் அதுவும் கொழுப்புக் கணக்கில்தான் சேரும், அதற்கு மேல் எண்ணெய் ஊற்றக்கூடாது.

கறியைக் கழுவும்போது குழாயை வேகமாகத் திறந்துவிட்டு அடியில் காட்ட வேண்டாம். பச்சைக் கறியில் பட்ட தண்ணீர் மேடை முழுக்கத் தெறித்து, பக்கத்தில் இருக்கும் பாத்திரத்திலும் காயிலும் படும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, மஞ்சள் போட்டு, உள்ளேயே அலசி எடுங்கள்.

உங்கள் கரண்டி எவ்வளவு பிடிக்கும்?

சமையல் குறிப்புகளில் "இரண்டு குழிக்கரண்டி எண்ணெய்" என்று எழுதிவிடுவார்கள். உங்கள் வீட்டுக் குழிக்கரண்டியில் தண்ணீர் நிரப்பி, மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியில் ஊற்றி அளந்து பாருங்கள். எங்கள் வீட்டுக் கரண்டி 60 மில்லி பிடிக்கிறது. 60 மில்லி எண்ணெய் என்றால் ஏறக்குறைய 55 கிராம், கிட்டத்தட்ட 500 கலோரி. அரைக் கிலோ அரிசி பிரியாணிக்கு நான் முன்பு அதில் இரண்டு ஊற்றி, மேலே இரண்டு டேபிள்ஸ்பூன் நெய்யும் விடுவேன். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 27 கிராம் வரும். உடலுழைப்பு குறைவான ஆணுக்கு ஒரு நாள் முழுமைக்கும் 25 கிராம் எண்ணெய், நெய் போதும், பெண்ணுக்கு 20 கிராம் போதும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு. ஒரு வேளைச் சாப்பாட்டிலேயே அதைத் தாண்டியிருக்கிறோம், கோழியில் இருப்பதைக் கணக்கில் சேர்க்காமலே.

சமையல் மேடையில் எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்தில் ஒரு 15 மில்லி ஸ்பூனை வைத்துக்கொள்ளுங்கள். இனி கரண்டி வேண்டாம், ஸ்பூன் மட்டும்.

ஒரு கிலோ கோழிக் குழம்பு, முதலிலிருந்து

மசாலாவை முதலில் தயார் செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த முறையில் மசாலாத்தூளை எண்ணெயில் வதக்கப் போவதில்லை. மூன்று டேபிள்ஸ்பூன் மல்லி, எட்டு காய்ந்த மிளகாய், ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சோம்பு, அரை டீஸ்பூன் சீரகம், சின்னத் துண்டு பட்டை, மூன்று கிராம்பு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. வெறும் சட்டியில், சிறு தீயில், மல்லி வாசம் அடுக்களையைத் தாண்டி வரும் வரை வறுங்கள். மிளகாயைத் தனியாக வறுப்பது நல்லது, சீக்கிரம் கருகிவிடும். ஆறியதும் நைசாகப் பொடித்து வையுங்கள். எண்ணெயில் வதக்கிப் போக்க வேண்டிய பச்சை வாசனையை வறுக்கும்போதே போக்கிவிட்டோம். கொழுப்பு குறையும்போது காரம் நாக்கில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அதனால்தான் எட்டு மிளகாயோடு நிறுத்தினேன்.

அடுத்தது சட்டி. அடி கனமாக இருக்க வேண்டும். மெல்லிய பாத்திரத்தில் எண்ணெயைக் குறைத்தால் அடிப்பிடிக்கும், அப்புறம் எண்ணெய் இல்லாததால்தான் இப்படி ஆனது என்று மனம் விட்டுப் போகும். ஒரே ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றி, காய்ந்ததும் நறுக்கிய சின்ன வெங்காயம் 200 கிராமையும் கால் ஸ்பூன் உப்பையும் போட்டு மூடிவிடுங்கள். உப்பு வெங்காயத்தின் தண்ணீரை இழுத்து வெளியே விடும், அந்தத் தண்ணீரிலேயே அது வதங்கும். மூன்று நிமிடம் கழித்துத் திறந்து கிளறுங்கள். அடியில் பிடிப்பதுபோல் தெரிந்தால் எண்ணெயை எடுக்காமல் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளியுங்கள். தெளித்த இடத்தில் ஒட்டிய பழுப்பு கரைந்து வெங்காயத்திலேயே ஏறும். இப்படி மூன்று நான்கு முறை தெளித்தால் வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டி நல்ல பழுப்புக்கு வந்துவிடும். இஞ்சி பூண்டு விழுது, அப்புறம் இரண்டு தக்காளி.

இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். "எண்ணெய் பிரிந்து வரும் வரை வதக்கவும்" என்று எல்லாக் குறிப்பிலும் இருக்கும். எண்ணெய் பிரிவது, வெங்காயம் தக்காளியில் இருந்த தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கான அடையாளம். எண்ணெய் குறைவாக ஊற்றினால் பிரிந்து வர எண்ணெயே இருக்காது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் கருகும். அதற்குப் பதிலாக வேறு மூன்றைப் பாருங்கள். தக்காளியின் பச்சைப் புளிப்பு வாசம் போயிருக்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடாமல் நிற்கும். சத்தமும் மாறும்: தண்ணீர் இருக்கும் வரை கொதக் கொதக் என்றிருந்தது, இப்போது சடசடவென்று கேட்கும்.

இனி கறியையும் மஞ்சளையும் உப்பையும் போட்டுக் கிளறி, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் விடுங்கள். கறி தானாகத் தண்ணீர் விடும். அதற்குப் பிறகு மூன்று டம்ளர் வெந்நீர். கொதி வந்தவுடன் சிம்முக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், இது மிகவும் முக்கியம். தளதளவென்று கொதித்தால் உருகிய கொழுப்பு பொடிப் பொடித் துளியாக உடைந்து சாற்றோடு கலந்து கலங்கிவிடும், பிறகு எந்தக் கரண்டியாலும் பிரிக்க முடியாது. மெல்லக் கொதித்தால் கொழுப்பு தனியாக மேலே வந்து நிற்கும். முதலில் சாம்பல் நிறத்தில் நுரை வரும். அது கொழுப்பு இல்லை, கறியின் புரதம்; எடுத்துவிட்டால் சாறு தெளியும். கொழுப்பு அதற்கப்புறம் வரும், மஞ்சளாக, கண்ணாடி மாதிரி தெளிந்த வட்டம் வட்டமாக.

பிராய்லர் என்றால் இருபது நிமிடத்தில் முக்கால்வாசி வெந்திருக்கும். நாட்டுக்கோழி என்றால் இந்தக் கட்டத்தைக் குக்கரில் ஐந்தாறு விசில் வைத்து முடித்துக்கொள்ளுங்கள். ஆவி தானாக அடங்கட்டும்.

வழித்து எடுக்கும் கலை

தீயை அணைத்து ஐந்து நிமிடம் கிளறாமல் விடுங்கள். பிறகு பாத்திரத்தின் ஒரு பக்கத்துக்கு அடியில் மடித்த துணியை வைத்துச் சாய்த்தால், தாழ்ந்த ஓரத்தில் மஞ்சள் படலம் திரண்டு வரும். அகலமான தட்டைக் கரண்டி ஒன்றின் விளிம்பை மட்டும் மேல்மட்டத்தில் படும்படி வைத்து, கொழுப்பு தானாக உள்ளே வழிந்து வர விடுங்கள். கரண்டியை முக்கினால் சாறுதான் வரும்.

எடுத்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் கொஞ்சம் சாறு சேர்ந்து வரத்தான் செய்யும். இரண்டு நிமிடத்தில் டம்ளரில் சாறு கீழேயும் கொழுப்பு மேலேயும் கோடு போட்டதுபோல் பிரிந்துவிடும். மேலே இருப்பதை ஸ்பூனால் எடுத்துவிட்டு, கீழே இருக்கும் சாற்றைத் திரும்பக் குழம்பில் ஊற்றிவிடலாம். ஒரு சொட்டு ருசியும் வீணாகாது.

அணைக்காமலே எடுக்க இன்னொரு வழி இருக்கிறது. பாத்திரத்தை நகர்த்தி, ஒரு ஓரம் மட்டும் தீயின் மேல் இருக்கும்படி வையுங்கள். அந்த ஓரத்தில் கொதி வரும், கொதி கொழுப்பை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும். அங்கே நின்று வழிக்க வேண்டியதுதான். கைப்பிடி உறுதியாக இருக்கும் பாத்திரம் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். எவர்சில்வர் குழிக்கரண்டிக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு, அதன் அடிப்பாகத்தைக் குழம்பின் மேல் இழைத்தால் கோழிக் கொழுப்பு இறுகி ஒட்டிக்கொள்ளும், துடைத்துத் துடைத்து இழைக்கலாம். காகிதம் போட்டு ஒற்றி எடுப்பதை நான் சொல்ல மாட்டேன். சாற்றையும் சேர்த்து உறிஞ்சும், பிய்ந்து குழம்பில் விழவும் செய்யும்.

நேரம் இருந்தால் முதல் நாளே இந்த வெந்த கறியையும் சாற்றையும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். காலையில் கொழுப்பு மேலே வெண்மஞ்சள் ஏடாகக் கட்டியிருக்கும், அப்படியே தூக்கி எறியலாம். ஆனால் கோழிக் கொழுப்பும் தேங்காய் எண்ணெயும்தான் இப்படி இறுகும். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் ஃபிரிட்ஜிலும் திரவமாகவே நிற்கும், அதனால் நிறைய எண்ணெய் ஊற்றிவிட்டு ஃபிரிட்ஜை நம்ப முடியாது. இந்த முறைக்குப் போவதாக இருந்தால் கறியை முழுதாக வேகவைத்துவிடுங்கள், அரைவேக்காட்டில் வைக்கக்கூடாது. நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல், அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி ஆற வைத்து உள்ளே வையுங்கள்.

மசாலாவும் தேங்காயும் இனிதான்

இப்போது பொடித்த மசாலாவைப் போட்டு, பதினைந்து நிமிடம் மிதமாகக் கொதிக்க விடுங்கள். தேங்காய் எப்போதும் கடைசி. முன்னாலேயே தேங்காய் விழுதையோ முந்திரியையோ போட்டுவிட்டால் அவை கொழுப்பைச் சாற்றோடு பிணைத்துவிடும், வழிக்க எதுவும் மேலே வராது.

தேங்காயும் லேசான கொழுப்பு இல்லை. 100 கிராம் துருவலில் 33 கிராமுக்குக் குறையாமல் கொழுப்பு இருக்கும். முந்திரியிலும் கசகசாவிலும் கிட்டத்தட்டப் பாதி கொழுப்புதான். நான் மூன்று டேபிள்ஸ்பூன் துருவலோடு இரண்டு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலையும் அரை ஸ்பூன் சோம்பும் சேர்த்து அரைக்கிறேன். பரோட்டாக் கடைச் சால்னாவிலும் பொட்டுக்கடலை உண்டு, அதனால் நாக்குக்குப் பழகிய கெட்டிதான். தேங்காய்ப்பால் விடும் வீடுகளில் இரண்டாம் பாலிலேயே குழம்பை முடித்து, முதல் பாலை இறக்கும்போது கால் டம்ளர் மட்டும் விடலாம். பொட்டுக்கடலை அடியில் படியும், விழுது விட்ட பிறகு கிளறிக்கொண்டே ஏழெட்டு நிமிடம். வழித்ததில் அளவு குறைந்திருக்கும் என்பதால் உப்பை இப்போதுதான் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாகத் தாளிப்பு. இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில் நான்கு சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிச் சிவக்க விட்டு, கறிவேப்பிலை போட்டு, அடுப்பை அணைத்த பிறகு கால் டீஸ்பூன் மிளகாய்த்தூளைச் சேருங்கள். அந்தச் சூட்டிலேயே எண்ணெய் செக்கச்செவேல் என்று மாறும். அதைக் குழம்பின் மேல் கொட்டி, கிளறாமல் மூடிவிடுங்கள். தட்டில் ஊற்றும்போது மேலே அந்தச் சிவப்பு மினுமினுப்பு இருக்கும், வாசமும் முதலில் மூக்குக்கு வரும். அப்பா திரும்பக் குழம்பு கேட்டது இந்தத் தாளிப்பைச் சேர்த்த பிறகுதான்.

பிரியாணிக்கு வேறு கணக்கு

அரிசி போட்ட பிறகு எதையும் எடுக்க முடியாது, மேலே நிற்கும் எண்ணெய் முழுவதையும் சீரகச் சம்பா குடித்துவிடும். ஆக எல்லா வேலையும் அரிசிக்கு முன்பே. அரைக் கிலோ கறிக்கும் அரைக் கிலோ அரிசிக்கும் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் போதும். கறியை ஒரு கப் தயிரில் ஊறவைத்தால் எண்ணெய் குறைந்தது தெரியாது. டோன்டு பாலில் உறை ஊற்றிய தயிரே போதும். அந்தப் பாலில் 3 சதவீதம்தான் கொழுப்பு, ஃபுல் கிரீமில் 6. தயிர் சேர்ந்ததும் தீயைக் கூட்டாதீர்கள், திரிந்துவிடும்.

பிரியாணியில் மசாலாவும் கறியும் சேர்ந்தே வேகும், அதனால் வழிக்கும் எண்ணெயில் மசாலா ஏறியிருக்கும். அதைக் கொட்டிவிடாமல் தனியாக எடுத்து வையுங்கள். கறி வெந்ததும் குக்கரைச் சாய்த்து எடுத்துவிட்டு, மீதி இருக்கும் சாற்றைக் கப்பில் அளந்து, அதோடு தண்ணீர் சேர்த்து ஒரு கப் அரிசிக்கு ஒன்றரைக் கப் என்று கணக்கு வையுங்கள். அரிசி பழையதா புதியதா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். எடுத்து வைத்த சிவப்பு எண்ணெயில் ஒரு டேபிள்ஸ்பூனை மட்டும், கடைசியில் திறந்ததும், நெய் ஒரு டீஸ்பூனோடு கலந்து மேலே தெளித்து ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும்.

எண்ணெய் குறைந்தால் சோறு ஒட்டும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அரிசியை இருபது நிமிடம் ஊறவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடித்து, கொதிக்கும்போது அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரே ஒரு முறை கிளறினேன். உதிரியாகவே வந்தது. கரண்டியை அடிக்கடி விட்டுக் கிளறுவதில்தான் அரிசி உடைந்து கஞ்சி விட்டு ஒட்டுகிறது.

வீட்டில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் இந்தச் சிக்கனம் அதற்கு வேண்டாம். வளரும் பிள்ளைக்குக் கொழுப்பு தேவை, அதன் சோற்றில் நெய் தாராளமாகவே இருக்கட்டும்.

மீந்த குழம்பை மறுநாள் சூடாக்கும்போது பொட்டுக்கடலை போட்டது இறுகி, களி மாதிரி தெரியும். எண்ணெய் ஊற்றித் தளர்த்தத் தோன்றும். கால் டம்ளர் வெந்நீர் விட்டு, அடியிலிருந்து எடுத்துக் கிளறி, நன்றாகக் கொதி வந்ததும் இறக்குங்கள். பழைய பதத்துக்கே வந்துவிடும், இட்லிக்கு இன்னும் நன்றாக இருக்கும்.